படகில் குமட்டலா, சர்க்கரை இறங்குகிறதா?

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு வருடமாகச் சர்க்கரையும் பிபியும் உண்டு. காலையில் மெட்ஃபார்மின் 500 மி.கி., கிளிமிபிரைடு 1 மி.கி. சேர்ந்த மாத்திரை, கூடவே டெல்மிசார்டன் 40 மி.கி., ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. சேர்ந்தது. இரண்டும் கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன. அடுத்த மாதம் குடும்பத்தோடு அரை நாள் கேட்டமரான் படகுச் சவாரி போகிறோம். காலை 8.30-க்குப் புறப்பட்டு 1 மணிக்குத் திரும்பும். நடுவில் இரண்டு இடங்களில் நிறுத்தி நீச்சல், ஸ்நார்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக் குப்புற மிதப்பது). பனானா போட், ஜெட் ஸ்கீயும் உண்டாம். நீச்சல் குளத்தில் நீந்துவேன், கடலில் பழக்கமில்லை. மலைப்பாதையில் பஸ் ஏறினாலே வாந்தி எடுப்பவள் நான். அதனால் அன்று காலை எதுவும் சாப்பிடாமல் போய்விடலாம் என்று நினைக்கிறேன். சிறு வயதில் வலது காதில் சீழ் வடிந்தது. நான் போகலாமா? வாந்திக்கு எந்த மாத்திரை நல்லது?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். நீங்கள் பயப்படுவது வாந்திக்கு. எனக்கு அதைவிடக் கவலை தருவது அந்தக் கிளிமிபிரைடு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. சாப்பிட்டீர்களா, இல்லையா என்று பார்க்காது. தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். காலையில் போட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். அதாவது நீங்கள் தண்ணீரில் குதிக்கும் நேரம். வயிறு காலி, நீச்சலில் தசைகள் சர்க்கரையை இழுக்கின்றன, போதாக்குறைக்கு ஒரு முறை வாந்தி என்றால் தாழ்சர்க்கரை வர வேறு காரணமே வேண்டாம். தரையில் அது மயக்கத்தோடு போய்விடலாம். தண்ணீரில் அப்படியில்லை.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் பெரும்பாலும் கிடையாது. ஆனால் அதை வெறும் வயிற்றில் போட்டால் அதுவே குமட்டும். ஆக உங்கள் திட்டம் இரண்டு பக்கமும் இடிக்கிறது.

படகு ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, எண்ணெயும் காரமும் இல்லாத, மாவுச்சத்துள்ள உணவை வழக்கமான அளவில் முக்கால் பங்கு சாப்பிடுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். அன்று மட்டும் கிளிமிபிரைடைக் குறைக்கலாமா, விடலாமா என்று உங்களுக்கு மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். உங்கள் மாத்திரையில் இரண்டு மருந்தும் ஒன்றாக இருப்பதால், அன்றைக்கு மட்டும் தனி மெட்ஃபார்மினாக மாற்றித் தருவது அவருக்கு எளிது. நீங்களாகவே மாத்திரையை உடைக்க வேண்டாம்.

குளுக்கோமீட்டர் படகில் உங்களோடு வர வேண்டும். தண்ணீரில் இறங்கும் முன் ஒரு முறை பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நிறுத்தத்தில் இறங்கவே கூடாது. 70-க்கு மேல், 100-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் (அல்லது 150 மி.லி. பழச்சாறு) எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், 100-ஐத் தாண்டினால் இறங்கலாம். 100-க்குச் சற்று மேலே இருந்து, அரை மணிக்கு மேல் நீந்தப் போகிறீர்கள் என்றாலும் நாலைந்து பிஸ்கட் உள்ளே போகட்டும். விரலைக் குத்தும் முன் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பழம் நறுக்கிய விரல், சன்ஸ்கிரீன் தடவிய விரல் இரண்டுமே எண்ணைத் தப்பாகக் காட்டும். மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் வெயிலில் விடாதீர்கள். பெரும்பாலான மீட்டர்கள் 40 டிகிரிக்கு மேல் சரியாக வேலை செய்யாது.

இப்போது தலைப்பில் உள்ள சிக்கல். கடல் குமட்டலிலும் முகம் வெளிறும், வியர்க்கும், வயிற்றைப் புரட்டும். தாழ்சர்க்கரையிலும் அதேதான். கூட இருப்பவர்கள் “படகு ஒத்துக்கலை, கொஞ்சம் படுத்துக்கோ” என்று விட்டுவிடுவார்கள். தப்பு நடப்பது அங்கேதான். கொட்டாவி மேல் கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, கடலை விட்டுக் கண்ணை எடுத்தால் கூடுவது என்றால் கடல் குமட்டல். கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல் என்றால் சர்க்கரை. சந்தேகம் வந்தால் விரலைக் குத்திப் பாருங்கள். குத்த வழியில்லையென்றால் குளுக்கோஸ் கொடுத்துவிட வேண்டியதுதான். சர்க்கரை சரியாக இருந்து ஒரு முறை குளுக்கோஸ் குடித்ததால் பெரிய கெடுதல் இல்லை. நினைவு மங்கியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். குளுக்கோஸ் பொடியை 15 கிராம் பொட்டலங்களாக நான்கைந்து கட்டி, தண்ணீர் புகாத பையில் போட்டு, உங்களோடு நீந்தப் போகிறவரிடம் கொடுங்கள். அறிகுறிகளையும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.

வாந்தி மாத்திரைக்கு வருவோம். உங்களுக்கு மெக்லிசின் 25 மி.கி. பொருந்தும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒன்று. அரை நாளுக்கு அது போதும். டைமென்ஹைட்ரினேட் 50 மி.கி., புரோமெத்தசின் 25 மி.கி. ஆகியவையும் நன்றாக வேலை செய்யும், ஆனால் தூக்கம் அதிகம். நீந்தப் போகிறவருக்கு அது சரிப்படாது. மெக்லிசினும் சிலருக்குத் தூக்கம் தரும். அதனால் பயணத்துக்குச் சில நாள் முன்பு, வீட்டில் இருக்கும் ஒரு நாளில் போட்டுப் பாருங்கள். தள்ளாட்டமாக இருந்தால் அன்று தண்ணீரில் இறங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கண்ணழுத்த நோய் இருப்பவர்களும், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைபடுபவர்களும் இந்த வகை மருந்துகளை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இவற்றோடு மது வேண்டவே வேண்டாம். வயிற்றுப்போக்குக் காலத்தில் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் கடல் குமட்டலைத் தடுக்காது. பலர் அதைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக ஏறுகிறார்கள். இந்த மாத்திரைகள் எல்லாமே வாந்தி வருமுன் போட வேண்டியவை. புரட்ட ஆரம்பித்துவிட்டால் இரைப்பை மருந்தைக் கீழே தள்ளாது, மாத்திரை அப்படியே வெளியே வந்துவிடும்.

மருந்தைவிட உட்காரும் இடம் முக்கியம். கேட்டமரான் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் இது கட்டைகளைப் பிணைத்தது அல்ல; பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உடற்கூடுகள், நடுவில் அகலமான தளம். அதனால் பக்கவாட்டில் அதிகம் சாயாது. “சாயாத படகில் வாந்தி வராது” என்பதை நம்பாதீர்கள். சாய்வு குறைவே தவிர, அலை குறுக்கே வந்தால் சட் சட்டென்று உதறும். முன்னால் கட்டியிருக்கும் வலையில் படுத்துப் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை. அதிகம் ஏறி இறங்குவது அந்த இடம்தான். நீங்கள் நடுவிலோ, சற்றுப் பின்பக்கமோ, தளத்தின் மட்டத்தில், முன்னோக்கி உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். கேபினுக்குள் போகாதீர்கள். போனை எடுக்காதீர்கள். ஓடும்போது நன்றாக இருந்தவர்களுக்கும், நங்கூரம் போட்டு நின்றதும் புரட்டும். நின்ற படகுதான் அதிகம் தள்ளாடும்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நின்றிருக்கும்போது எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடினால், அதன் புகை பின்பக்கப் படிகளில்தான் தேங்கும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி என்று அதுவும் கடல் குமட்டல் போலவே தொடங்கும். இயந்திரம் ஓடும்போது பின்படியில் உட்காராதீர்கள், அதன் பக்கத்தில் நீந்தாதீர்கள். தண்ணீருக்குள் சுழலும் புரொப்பெல்லர் இறக்கைகளுக்காகவும் அங்கே நீந்தக் கூடாது.

பிபி மாத்திரையை “அடிக்கடி பாத்ரூம் போக வேண்டுமே” என்று அன்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. வேண்டாம், வழக்கம்போல் எடுங்கள். ஆனால் இரண்டு மூன்று முறை வாந்தி எடுத்து எதுவும் வயிற்றில் தங்கவில்லையென்றால் நீச்சலுக்கு அன்று விடுப்பு. சரியாகச் சாப்பிட்டுக் குடிக்கும் வரை சர்க்கரை மாத்திரையையும் இந்தப் பிபி மாத்திரையையும் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். உடல் வற்றிய நிலையில் பிபி மாத்திரை சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும்; அப்போது மெட்ஃபார்மின் வெளியேறாமல் உடலில் தேங்கும். மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மாத்திரையில் உள்ள ஹைட்ரோகுளோரோதயசைடுக்கு இன்னொரு குணம், தோலை வெயில் சீக்கிரம் சுடும்படி ஆக்குவது. முழுக்கை நீச்சல் உடை அணியுங்கள். வெளியே தெரியும் இடத்தில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைப் பதினைந்து நிமிடம் முன்பே தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி தடவுங்கள். குப்புற மிதப்பவர்களுக்கு வெந்துபோவது பின்கழுத்தும் முழங்கால் பின்பக்கமும்தான். அங்கேதான் யாரும் தடவுவதில்லை.

ஸ்நார்க்கலிங்கை எளிதான விளையாட்டு என்று நினைக்கிறார்கள். குழாய் வழியாக மூச்சு இழுப்பதற்குக் கூடுதல் உழைப்பு வேண்டும். தண்ணீரின் அழுத்தம் கால்களில் உள்ள ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளும். இரண்டும் சேர்ந்து சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்கும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். தண்ணீரை விழுங்கியதால் வருவதல்ல இது. அடையாளம்: நீந்திய அளவுக்குப் பொருந்தாத மூச்சுத் திணறல், கை கால் துவளுவது, இருமல், சில நேரம் இளஞ்சிவப்பு நுரை. அந்த நொடியே குழாயைத் துப்பி, மாஸ்க்கைக் கழற்றி, மல்லாந்து மிதந்து கையை ஆட்டிக் கூப்பிடுங்கள். படகில் ஏற்றியதும் படுக்க வைக்கக் கூடாது. உட்கார வைத்து ஆக்சிஜன் கொடுத்து, கரைக்குத் திரும்ப வேண்டும். படகில் ஆக்சிஜன் உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். இதனால்தான் முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கை நான் பரிந்துரைப்பதில்லை; அவசரத்தில் துப்ப முடியாது. நீந்துவதற்குச் சற்று முன் ஒரே மூச்சில் ஒரு பாட்டில் தண்ணீர் குடிப்பதும் நல்லதல்ல. காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வாருங்கள்.

போவதற்கு முந்தைய வாரத்தில் மூன்று நான்கு நாள் பிபி பாருங்கள். 140/90-க்குள் இருந்தால் சரி. 160-ஐத் தொட்டால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். மாஸ்க்கையும் குழாயையும் கால் எட்டும் ஆழத்தில் பழகிவிட்டுப் போவது நல்லது. குளத்தில் நீந்துவேன் என்பதற்காக லைஃப் ஜாக்கெட்டை விட்டுவிடாதீர்கள். கடலில் நீரோட்டம் உண்டு, பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை.

காதை ஒரு முறை ஈஎன்டி மருத்துவரிடம் காட்டுங்கள். செவிப்பறை ஓட்டை மூடியிருந்தால் தடையில்லை. திறந்திருந்தால் தலை நனையும் எதுவும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால் உட்காது தூண்டப்பட்டுத் தலை கிறுகிறுக்கும். தண்ணீருக்குள் எது மேல், எது கீழ் என்றே தெரியாது. அடைப்பான் வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

ஏறும்போது ஏணியில் ஒரு நுணுக்கம். படகு ஆடும்போது ஏணியும் ஒரு அடி உயர்ந்து இறங்கும். துடுப்புக் காலணியைப் பிடிமானத்தோடு கழற்றி மேலே கொடுத்துவிட்டு, ஏணி தாழும் நேரத்தில் இரண்டு கையாலும் பிடித்துக் காலை வையுங்கள். மேலே வந்ததும் எழுந்து நடக்காதீர்கள். அதுவரை உடலை அழுத்தியிருந்த தண்ணீர் விலகியதும் ரத்தம் கால்களுக்கு இறங்கும். பிபி மாத்திரையும் சேர்ந்தால் கண் இருட்டும். முதல் படியிலேயே இரண்டு நிமிடம் உட்காருங்கள். வெயிலில் காய்ந்த தளத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள்; கால் மரத்திருக்கும் சர்க்கரைக்காரர்களுக்குச் சுட்டதே தெரியாது.

பனானா போட் (மோட்டார் படகு இழுத்துச் செல்லும் காற்றடைத்த மிதவை) வேண்டாம். அலையில் அது எகிறி விழும் ஒவ்வொரு முறையும் அடி முதுகெலும்பில் இறங்கும். மாதவிடாய் நின்ற வயதில் எலும்பு அதற்கு ஈடுகொடுக்காது. ஜெட் ஸ்கீயில் பின்னால் உட்காருபவர் மல்லாந்து விழுந்தால், பீய்ச்சும் நீர் பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் கிழித்துவிடும். சாதாரண நீச்சல் உடை தடுக்காது, கனமான வெட்சூட் (உடலை ஒட்டிய ரப்பர் உடை) வேண்டும். வீட்டுப் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள்.

திரும்பிய அன்று தரை ஆடுவது போல் இருந்தால் பயப்பட வேண்டாம், ஓரிரு நாளில் நின்றுவிடும். இரவு படுக்கும் முன் மட்டும் சர்க்கரையைப் பாருங்கள். நீந்திய தசைகள் இரவிலும் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுப் படுங்கள்.