மாநாட்டுக்குப் போகுமுன் ஒரு கேள்வியைத் தயார் செய்யுங்கள்

கேள்வி: தண்ணீர் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் துறையின் மூன்று நாள் மாநாட்டுக்கு நிறுவனம் என்னை அனுப்புகிறது. இரண்டு வருடங்களுக்கு முன் இதே மாநாட்டுக்குப் போனபோது, காலையிலிருந்து மாலை வரை ஓர் உரை விடாமல் உட்கார்ந்து கேட்டேன். நோட்டு நிறையக் குறிப்பு எடுத்தேன். வந்த பிறகு அந்த நோட்டை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. தெரிந்தவர் யாரும் இல்லாததால் இடைவேளைகளில் போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. போய் வந்ததும் மேலாளருக்கு அறிக்கை வேறு கொடுக்க வேண்டும். என்ன செய்யலாம்? - வாசகி ஒருவர்

பதில்: உரைகளை ஒன்று விடாமல் கேட்டீர்கள் பாருங்கள், சிக்கலே அங்கேதான். மேடையில் பேசப்படுவதில் பெரும்பங்கு பிறகும் கிடைக்கும். ஸ்லைடுகளை அனுப்பிவைப்பார்கள், கட்டுரைத் தொகுப்பு வரும், பல மாநாடுகளில் வீடியோவும் வந்துவிடுகிறது. பிறகு கிடைக்காதது ஒன்று உண்டு. உங்கள் ஆலையில் இருக்கிற அதே தலைவலியோடு இன்னொரு ஆலையில் நான்கு வருடம் மல்லுக்கட்டிய ஒருவர், அந்தக் கூடத்தில் உங்களிடமிருந்து பத்தடி தூரத்தில் நிற்பார். அவர் ஸ்லைடில் போடாமல் விட்டதை நேரில் கேட்டால் சொல்வார். நிறுவனம் செலவு செய்து உங்களை அனுப்புவது அதற்காகத்தான்.

அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் ஒரு கேள்வி இருந்தால் சுலபம். 'புதிய தொழில்நுட்பங்களைத் தெரிந்துகொள்ள' என்று அனுமதிக் கடிதத்தில் எழுதலாம், தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரிடமும் பேச்சைத் தொடங்க முடியாது. கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். உங்கள் துறையிலிருந்தே ஓர் உதாரணம் (மற்ற வாசகர்களுக்காக: மெம்பரேன் என்பது தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வு, ரெக்கவரி என்பது உள்ளே விடும் தண்ணீரில் நல்ல நீராக வெளிவரும் பங்கு): 'எங்கள் ஆர்.ஓ. மெம்பரேன்களில் சிலிக்கா படிகிறது, வழக்கமான அமிலக் கழுவலுக்கு அசைய மாட்டேன் என்கிறது. ரெக்கவரியைக் குறைத்தால் படிவு குறையும், ஆனால் வீணாகும் தண்ணீர் கூடும். இதே தண்ணீரை வைத்துக்கொண்டு கழுவும் இடைவெளியை நீட்டித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?' இப்படி ஒன்றைக் கேட்டால் எதிரில் இருப்பவருக்குப் பதில் தெரியும், அல்லது பதில் தெரிந்தவரைத் தெரியும். இரண்டுமே இல்லாவிட்டாலும், நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்பதாவது அவருக்குப் புரியும். இந்த மாதிரி இரண்டு, மிஞ்சினால் மூன்று கேள்விகள் போதும். ஆலையில் ஷிப்டில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் கொடுக்கும் கேள்வி பெரும்பாலும் நம்முடையதைவிடக் கூர்மையாக இருக்கும்.

கேள்வி கைக்கு வந்துவிட்டால் நிகழ்ச்சி நிரலைப் படிப்பது எளிது. ஒரே நேரத்தில் ஐந்தாறு அமர்வுகள் நடக்கும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று ஆசைப்பட வேண்டாம். கேள்விக்கு நேராகப் பொருந்துகிற நான்கைந்து உரைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கும்போது பேச்சாளர் எவ்வளவு பிரபலம் என்று பார்க்காமல், அந்த வேலையைக் கையால் செய்தவரா என்று பாருங்கள். 'எதிர்காலம்', 'புதிய பாதைகள்' என்ற தலைப்புள்ள உரைகளைவிட, ஒரு குறிப்பிட்ட ஆலையின் இரண்டு வருட இயக்க விவரத்தைச் சொல்கிற உரை உங்களுக்குப் பயன்படும். தொடக்க விழா உரைகளைத் தவறவிட்டதால் யாருக்கும் நஷ்டம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

உட்காரும்போது ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள். பத்து நிமிடம் கேட்டும் உங்களுக்கு அதில் ஒன்றுமில்லை என்று தோன்றினால் சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது. ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் ஒரு பெரிய மாநாட்டை மிகுந்த சிரமப்பட்டு நடத்தி முடித்தார். வந்தவர்கள் எல்லோரும் காபி இடைவேளைதான் பிரமாதம் என்றார்களாம். அதன் பிறகு 1985-ல் அவர் 'ஓப்பன் ஸ்பேஸ்' என்று ஒரு கூட்ட முறையையே உருவாக்கினார். அதில் 'இரண்டு கால் விதி' என்று ஒன்று உண்டு: நீ இருக்கும் இடத்தில் கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால், இரண்டு காலையும் பயன்படுத்தி வேறு இடத்துக்குப் போ. வழக்கமான மாநாட்டுக்கும் இது பொருந்தும்.

இனி நீங்கள் பயப்படுகிற இடத்துக்கு வருவோம். தெரியாதவர்களோடு எப்படிப் பேசுவது? இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் இங்ரம், மைக்கேல் மோரிஸ் இருவரும் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிர்வாகிகள் கூடும் ஒரு மாலைச் சந்திப்பில், வந்தவர்களுக்கு மின்னணுப் பட்டையை மாட்டி, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். வருவதற்கு முன் கேட்டபோது, புதியவர்களைச் சந்திக்கத்தான் வருகிறோம் என்று கிட்டத்தட்ட எல்லோருமே சொல்லியிருந்தார்கள். வந்த பிறகு ஏற்கெனவே தெரிந்தவர்களைத் தேடிப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே புதியவர்களைப் பிடிப்பதில் கெட்டிக்காரராக இருந்தவர் பானம் ஊற்றிக் கொடுத்தவர்தான் என்று பிறகு வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கை என்றாலும் அதில் ஒரு சங்கதி இருக்கிறது: அவருக்கு அங்கே நிற்க ஒரு காரணம் இருந்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு காரணம் வேண்டும். அதை மாநாட்டுக்கு முன்பே உண்டாக்கிக்கொள்ளலாம். நிரலில் குறித்துவைத்த பேச்சாளர்களில் மூன்று நான்கு பேருக்கு, இரண்டு வாரம் முன்னதாக மின்னஞ்சலோ லிங்க்ட்இன் செய்தியோ அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். இவ்வளவு போதும்: 'வணக்கம். இரண்டாம் நாள் காலை உங்கள் உரைக்கு வருகிறேன். எங்கள் ஆலையிலும் சிலிக்கா படிவுச் சிக்கல் இருக்கிறது. உரை முடிந்த பிறகு பத்து நிமிடம் பேச முடியுமா?' எல்லோரும் பதில் போட மாட்டார்கள். ஒருவர் போட்டால்கூட முதல் நாள் உள்ளே நுழையும்போது உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருப்பார். பெரிய தலைகளைக் குறிவைக்க வேண்டாம். அவர்களைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். அவர்களோடு வேலை செய்யும் இளம் பொறியாளருக்கு விவரமும் அதிகம் தெரியும், நேரமும் இருக்கும்.

இடைவேளையில் யாரிடம் போய் நிற்பது என்று சுற்றிப் பாருங்கள். தனியாக நிற்கிறவர் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். அவரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், போன தடவை நீங்கள் நின்ற மாதிரி. இரண்டு பேர் முகத்துக்கு முகம் நெருங்கி நின்று பேசினால் விட்டுவிடுங்கள். மூன்று நான்கு பேர் அரைவட்டமாக நின்றால் அந்தத் திறந்த பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். தொடங்குவதற்குப் பெரிய வசனம் எதுவும் வேண்டாம். 'இப்ப எந்த அமர்வுல இருந்தீங்க? எப்படி இருந்தது?' என்றால் போதும். இரண்டு நிமிடம் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, 'நான் ஒரு விஷயத்தைத் தேடித்தான் வந்திருக்கேன்' என்று உங்கள் கேள்வியை எடுத்து வையுங்கள். பேச்சு ஓடவில்லையா? 'சரிங்க, அடுத்த அமர்வுக்கு முன்னாடி ஒருத்தரைப் பார்க்கணும், அப்புறம் பார்ப்போம்' என்று விடைபெறலாம். அங்கே யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு சின்ன விஷயம். கழுத்தில் தொங்கும் பேட்ஜ் எப்போதும் பின்பக்கம் திரும்பிக்கொள்ளும். பின்பக்கத்திலும் பெயரையும் நிறுவனத்தையும் தடித்த பேனாவால் எழுதிவிடுங்கள். கயிறு நீளமாக இருந்தால் ஒரு முடிச்சுப் போட்டு நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் உங்கள் பெயரைப் படிக்க வயிற்றைப் பார்க்கும்படி விடாதீர்கள்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு மாநாட்டிலேயே நல்ல இடம் போஸ்டர் கூடம் என்பேன், அதாவது ஆய்வுகளைப் பெரிய தாளில் சுருக்கமாக அச்சிட்டு மாட்டிவைக்கும் இடம். ஏன் என்று தெரியவில்லை, பலர் அதை ஒப்புக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு போஸ்டர் பக்கத்திலும் அதைச் செய்தவரே நிற்பார். யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று ஒரு மணி நேரமாகக் காத்திருப்பார். நீங்கள் போய் நின்றாலே அவருக்குச் சந்தோஷம். முதலில் 'சுருக்கமா சொல்லுங்களேன்' என்று அவரைப் பேச விடுங்கள். அப்புறம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: 'இதுல எது சரியா வரலை?', 'சோதனைக்கூடத்துல வந்தது ஆலையிலும் வந்ததா?', 'மறுபடி செய்யறதா இருந்தா எதை மாத்துவீங்க?' மேடையில் நின்று இதற்கெல்லாம் பதில் சொல்ல யாரும் விரும்புவதில்லை. போஸ்டர் முன்னால் நின்று சொல்வார்கள், சிலர் போனைத் திறந்து போஸ்டரில் போடாத வரைபடத்தையும் காட்டுவார்கள். மூன்று நாளில் நான்கு போஸ்டர்களிடம் பதினைந்து பதினைந்து நிமிடம் நின்றீர்கள் என்றால், அதுவே போன முறை கேட்ட எல்லா உரைகளுக்கும் மேல்.

சிறிது நேரம் ஓரிடத்தில் சேர்ந்து இருப்பதே எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஹார்வர்டு மருத்துவ வட்டாரத்து ஆய்வாளர்களை வைத்து நடந்த ஒரு பரிசோதனையில், அவர்களைக் குலுக்கல் முறையில் அறைகளுக்குப் பிரித்து 90 நிமிடம் தங்கள் வேலையைப் பற்றிப் பேசவைத்தார்கள். ஒரே அறையில் இருந்த இருவர் பிறகு சேர்ந்து மானியத்துக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு 75 சதவீதம் கூடியிருந்தது. 2017-ல் வெளியான ஆய்வு இது. 1927-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே மாநாட்டில் ஐன்ஸ்டைனும் நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளரும் குவாண்டம் இயற்பியலைப் பற்றி மோதிக்கொண்டதும் பெரும்பாலும் தங்கியிருந்த ஹோட்டலில்தான். காலைச் சாப்பாட்டு மேசையில் ஐன்ஸ்டைன் ஒரு புதிரைப் போடுவார், இரவுச் சாப்பாட்டுக்குள் போர் விடையோடு வந்துவிடுவார். நம் மெம்பரேன் விவகாரம் அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் சாப்பாட்டு மேசையில் தெரியாதவர் பக்கத்தில் உட்காருங்கள்.

கருவிகளையும் மருந்துகளையும் விற்கிற நிறுவனங்களின் ஸ்டால்களுக்குப் போகச் சரியான நேரம், அமர்வுகள் நடந்துகொண்டிருக்கும்போது. இடைவேளையில் போனால் கூட்டத்தில் ஒரு கையேட்டையும் ஒரு பையையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கடைசி நாள் மதியத்துக்குள் பலர் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள், அதற்குக் காத்திருக்க வேண்டாம். விற்பனைப் பிரதிநிதியிடம் 'உங்க டெக்னிக்கல் ஆள் எப்ப இருப்பார்?' என்று கேட்டு அந்த நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை: இந்தப் பொருள் எந்த மாதிரித் தண்ணீருக்குச் சரிப்படாது? மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கிற ஆலை எது, அங்கே இருப்பவரோடு பேச முடியுமா? பொருளில் தெம்பு இருந்தால் அந்தத் தொலைபேசி எண் உடனே வரும்.

கேள்வி நேரத்தில் மைக்கைப் பிடிப்பது பற்றி: பெயர், நிறுவனம், ஒரே ஒரு கேள்வி, உட்கார்ந்துவிட வேண்டும். கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவு ஆற்றுகிறவர்கள் எல்லா அரங்கிலும் இருப்பார்கள், அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம். நீங்கள் பெண் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பத்து நாடுகளின் கல்விக்கூடக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, பெண்கள் ஆண்களைவிட மிகக் குறைவாகக் கேள்வி கேட்கிறார்கள் என்றது. முதல் கேள்வியை ஆண் கேட்ட இடங்களில் பெண்களின் பங்கு இன்னும் சுருங்கியதாம். ஆகவே முடிந்தால் முதல் கையாக உயர்த்துங்கள். கேள்வியை உரை நடக்கும்போதே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் குரல் தடுமாறாது. இதில் ஓர் உபரி லாபம், இடைவேளையில் 'நீங்கதானே சிலிக்கா பத்திக் கேட்டது?' என்று யாராவது தானாகவே வந்து பேசுவார்கள்.

அப்புறம் அந்த நோட்டு. பேசுவதையெல்லாம் எழுதினால் ஸ்லைடின் நகல்தான் கையில் இருக்கும். 'திங்கட்கிழமை ஆலையில் நான் என்ன செய்ய வேண்டும்?' என்பதற்குப் பதிலாக ஏதாவது காதில் விழுந்தால் மட்டும் எழுதுங்கள். சந்தித்தவரின் விசிட்டிங் கார்டுக்குப் பின்னால் என்ன பேசினீர்கள், என்ன அனுப்புவதாகச் சொன்னீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். போனில் எண்ணைச் சேமித்தால் பெயரோடு அதையும் சேருங்கள். தினமும் இரவு அறைக்கு வந்ததும் இருபது நிமிடம் உட்கார்ந்து அன்றையதை ஒழுங்கு பண்ணிவிடுங்கள். ஸ்லைடுகளைப் போட்டோ எடுத்திருந்தால் வேண்டாததை அன்றே அழித்துவிடுங்கள், மறுநாள் எது எதற்கு என்று தெரியாது. மூன்று நாளும் முழுக்க ஓடவும் வேண்டாம். தினம் ஓர் அமர்வை வேண்டுமென்றே விட்டுவிட்டு எங்காவது சும்மா உட்காருங்கள்.

திரும்பி வந்த வாரத்திலேயே எல்லோருக்கும் செய்தி போய்விட வேண்டும். ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான். ஒரு மாதம் கழித்து எழுதினால் நீங்கள் யார் என்றே நினைவிருக்காது. 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' என்று மட்டும் அனுப்பாமல், பேசிய விஷயத்தைத் தொட்டு எழுதுங்கள், கூடவே ஏதாவது கொடுங்கள்: 'நீங்கள் கேட்ட எங்கள் ஆலையின் தண்ணீர்ப் பரிசோதனை முடிவை இணைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன அளவில் மருந்தைப் போட்டுப் பார்க்கிறோம், மூன்று மாதத்தில் என்ன ஆனது என்று சொல்கிறேன்.' நிறுவனத்தின் விவரத்தை வெளியே கொடுப்பதற்கு முன் மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்துச் சொன்னபடி சொல்லியும்விடுங்கள். அதைச் செய்கிறவர்கள் வெகு சிலர்.

மேலாளருக்கான அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்த அமர்வில் யார் பேசினார் என்ற பட்டியலை யாரும் படிக்கப்போவதில்லை. எடுத்துப்போன கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் கிடைத்த பதில், அதைச் சொன்னவர் யார், நம் ஆலையில் உடனே செய்து பார்க்கக்கூடியது எது, அதற்கு என்ன செலவு - இவ்வளவுதான். வாங்குவதாக இருந்த ஒரு கருவி நமக்குச் சரிப்படாது என்று தெரிந்துகொண்டு வந்திருந்தால் அதை முதலில் போடுங்கள். ஆலையில் இருப்பவர்களைக் கூட்டி அரை மணி நேரம் பேசவும் அனுமதி கேளுங்கள், அவர்கள் கொடுத்த கேள்விக்கு அவர்களுக்குப் பதில் வேண்டாமா?

கிளம்புவதற்கு முன் ஏற்பாட்டாளர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்: அடுத்த மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் எப்போது அனுப்ப வேண்டும்? பெரும்பாலும் பல மாதங்களுக்கு முன்பே அந்தத் தேதி முடிந்துவிடும். மூன்று மாதச் சோதனை முடிவு கையில் இருந்தால் ஒரு போஸ்டருக்கு அது தாராளமாகப் போதும். போஸ்டர் வைத்தவரைத் தேடி மற்றவர்கள் வருவார்கள், யாரிடம் போய்ப் பேசுவது என்ற கவலை உங்களுக்கு இருக்காது.