மெட்டல் டிடெக்டர் வாங்க ஈபிஎஃப்ல கை வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. எனக்கு 29 வயசு, சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில ஷிஃப்ட் வேல. கைக்கு 2,480 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வருது, அம்மாவுக்கு 500, மோட்டார் கடன் 265, வீட்டு செலவெல்லாம் போக மாசம் 450 மாதிரி மிஞ்சும். பேங்க்ல 3,100 இருக்கு. யூடியூப் பாத்து பாத்து மெட்டல் டிடெக்டர் மேல ஆச வந்துருச்சு, அது போக நாங்க முன்ன இருந்த தோட்டத்துல கங்காணி வீட்டாளுங்க ஜப்பான்காரன் காலத்துல நகை பணமெல்லாம் பொதச்சி வச்சாங்கன்னு தாத்தா சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஆன்லைன்ல 279 வெள்ளிக்கு ஒண்ணு இருக்கு. ஈப்போ கடையில 1,450க்கு ஒண்ணு, அதையே தவணையில எடுத்தா மாசம் 142, 12 மாசம். இன்னொருத்தரு ஃபேஸ்புக்ல 50 மீட்டர் ஆழத்துல தங்கம் காட்டும்னு 6,900க்கு விக்கிறாரு, அவருக்கு புக்கிங் காசு 200 போட்டுட்டேன். எத வாங்குறது? ஈபிஎஃப் (ஓய்வுகால சேமிப்பு) ஃப்ளெக்சிபல் கணக்குல எடுக்கலாமா? மச்சான், அக்கா வீட்டுக்காரரு, பாதி போடுறேங்கிறாரு, சரிப்படுமா?

பதில்: தம்பி, மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல அந்த 200 வெள்ளி. இத படிச்ச கையோட உங்க பேங்குக்கு போன் போடுங்க, மோசடி புகார் நம்பர் 997க்கும் போடுங்க, போலீஸ் ரிப்போர்ட் ஒண்ணு செஞ்சிடுங்க. மீதி 6,700 கேட்டு அவரு மெசேஜ் போட்டா பதில் போடாதீங்க, ஆனா பழைய மெசேஜ அழிச்சிடாதீங்க, ரிப்போர்ட்டுக்கு வேணும். 50 மீட்டர் ஆழத்துல இருக்குற நகைய காட்டுற மெஷின் ஒலகத்துலயே கெடையாது. நல்ல டிடெக்டரே 20 காசு சைஸ் சாமான ஒரு சாண் ஆழத்துல காட்டுனா பெரிய விஷயம். இந்த மாதிரி ஆளுங்க காட்டுற, கம்பிய நீட்டிக்கிட்டு நடந்தா தங்கம் இருக்குற பக்கம் தானா திரும்பும்ங்கிற வித்தையும் புதுசு இல்ல. ஜேம்ஸ் மெக்கார்மிக்னு ஒரு பிரிட்டிஷ்காரரு அதே மாதிரி கம்பி வச்ச டப்பாவுக்கு ஏடிஇ 651னு பேரு வச்சி வெடிகுண்டு கண்டுபிடிக்கிற கருவின்னு ஈராக் அரசாங்கத்துக்கே வித்தாரு, உள்ள வேல செய்யிறதுக்கு ஒண்ணுமே இல்ல, 2013ல 10 வருஷம் ஜெயிலு குடுத்தாங்க. அரசாங்கமே ஏமாந்த எடம், அதனால வெக்கப்பட்டுக்கிட்டு ரிப்போர்ட் செய்யாம இருந்துடாதீங்க.

அடுத்து தாத்தா கதை. நா அத பொய்னு சொல்லல, ஆனா அத நம்பி பட்ஜெட் போட முடியாது. கங்காணி பொதச்சது ஜப்பான்காரன் அடிச்ச வாழமர நோட்டுன்னா அது 1945லயே செல்லாக்காசு, போதாததுக்கு காகிதத்துக்கு டிடெக்டர் சத்தமும் போடாது. பழைய லயத்து (தோட்ட வரிசை வீடு) பக்கம் நெசமாவே கெடைக்கிறது என்னன்னா ஆணி, தகரத் துண்டு, கித்தா (ரப்பர்) மரத்துல பால் மங்கு கட்டுன கம்பி, பால் வடியிற பீலி. அதிர்ஷ்டம் இருந்தா வெள்ளைக்காரன் காலத்து சதுர ஒரு காசு கெடைக்கும், பாக்க அழகா இருக்கும், ஆனா மண்ணுல கெடந்து தேஞ்சது பெரும்பாலும் சில வெள்ளிக்கு மேல போகாது. அதனால இத வருமானம்னு எழுதாதீங்க, மீன் புடிக்கிறவங்க தூண்டிலுக்கு செலவு பண்றாங்கல்ல, அந்த கணக்குல எழுதுங்க. அப்படி எழுதுனா ஆச தப்பே இல்ல, மாசம் 450 மிஞ்சுற ஆளுக்கு ஒரு பொழுதுபோக்கு தாராளமா இருக்கலாம்.

இப்ப தவணை. 142 பெருக்கல் 12, மொத்தம் 1,704. கூட போறது 254 வெள்ளிதானேன்னு தோணும், 1,450க்கு 254ன்னா 17.5 பெர்சன்ட்தானேன்னு கடைக்காரரும் சொல்லுவாரு. ஆனா நீங்க மாசாமாசம் அசல குறைச்சிக்கிட்டே வர்றீங்க, ஆறாவது மாசம் கட்டி முடிச்சப்ப பாதி கடன்தான் பாக்கி, அப்பயும் வட்டி முழு 1,450க்கும் போட்ட மாதிரியேதான் ஓடுது. சரியா கணக்கு போட்டா இது வருஷத்துக்கு கிட்டத்தட்ட 31 பெர்சன்ட் வட்டி. நம்மூர்ல கிரெடிட் கார்டுக்கே உச்சம் 18தான். வேணாம்.

ஈபிஎஃப்பும் வேணாம். 2024 மே மாசத்துலேர்ந்து ஃப்ளெக்சிபல்னு அந்த மூணாவது கணக்கு வந்ததும் 50 வெள்ளியிலேர்ந்து எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்னு ஆயிருச்சு, அதான் எல்லாருக்கும் கை அரிக்குது. ஆனா 2023க்கு 5.5, 2024க்கு 6.3 பெர்சன்ட் டிவிடெண்ட் குடுத்த எடம் அது. உங்களுக்கு வயசு 29. இந்த 1,450ஐ எடுக்காம விட்டு, 5.5ன்னே வச்சிக்குங்க, 30 வருஷத்துல 7,200 மாதிரி நிக்கும். ஆஸ்பத்திரி செலவுக்கு எடுத்தா நா வாய தொறக்க மாட்டேன், ஆனா டிடெக்டருக்கு எடுக்காதீங்க. பேங்க்ல இருக்குற 3,100ஐயும் தொடாதீங்க, உங்க மாச செலவு 2,030, மூணு மாச செலவு கையில இருக்கணும்னா 6,000க்கு மேல வேணும், நீங்க இப்ப பாதி தூரத்துலதான் நிக்கிறீங்க.

அப்ப எப்படித்தான் வாங்குறது? மிஞ்சுற 450ல 250 வழக்கம் போல சேமிப்புக்கு, 200 தனியா ஒரு கணக்குல. ஏழு மாசத்துல 1,400. அதுக்குள்ள செகண்ட் ஹேண்ட்ல நல்லது ஒண்ணு 900க்கு மாட்டுச்சுன்னா அஞ்சே மாசம்தான். ஏழு மாசம் கழிச்சும் ஆச அப்படியே இருந்தா வாங்குங்க, இல்லன்னா 1,400 வெள்ளி லாபம்.

எதுன்னு கேட்டீங்க. 279 வெள்ளி மெஷின் ஏமாத்து இல்ல, அது நெசமான டிடெக்டர்தான், எம்டி-4030 வகையறா. வெளிநாட்டுலேர்ந்து நேரா வந்தா 2024லேர்ந்து 500 வெள்ளிக்குள்ள சாமானுக்கு 10 பெர்சன்ட் வரி உண்டு, 300 தாண்டிரும், அது சின்ன விஷயம். பெரிய விஷயம் நம்ம செம்மண்ணு. அதுல இரும்புச் சத்து ஜாஸ்தி, மண்ணே சத்தம் போடும், மலிவு மெஷின்ல அந்த சத்தத்த ஒழுங்கா அடக்க வழி இல்ல, ரெண்டு வாரம் காது வலிச்சி ஸ்டோர் ரூம்ல போட்டுடுவீங்க, விக்கப் போனா யாரும் வாங்க மாட்டாங்க, அப்ப 279ம் செலவு. நல்ல பிராண்டு மெஷின் கப்சாய் மோட்டார் சைக்கிள் மாதிரி, பழசுக்கும் ஆள் இருக்கும். 1,400க்கு வாங்கி ஒரு வருஷம் கழிச்சி 900க்கு வித்தீங்கன்னா ஒரு வருஷ பொழுதுபோக்குக்கு 500 வெள்ளி, மாசம் 42.

நீங்க காசு குடுக்க வேண்டியது மண்ணு சத்தத்த அடக்குற கிரவுண்ட் பேலன்ஸ் வசதிக்குத்தான். வேற பளபளப்புக்கு இல்ல. நோக்டா சிம்ப்ளெக்ஸ் வகையில அது இருக்கு: பட்டன அமுக்கிக்கிட்டு அடி வட்டத்த தரைக்கு மேல ஏத்தி இறக்கணும், கொஞ்ச நேரத்துல மண்ணு சத்தம் அடங்கிரும். தண்ணியிலயும் முழுசா எறக்கலாம். மைன்லேப் வேன்குவிஷ்ல நாமளே சரி பண்ற வசதி கெடையாது, ஆனா பல ஃப்ரீக்வென்சி ஒரே நேரத்துல ஓடுறதால அதுவே சமாளிச்சிக்கும், தெலுக் பாத்தேக் மாதிரி உப்புத்தண்ணி கடற்கரையிலயும் ஒத்தை ஃப்ரீக்வென்சி மெஷின விட அமைதியா இருக்கும். கேரட் (Garrett) ஏஸ் மாடல் உறுதியான சாமான், ஒலகம் பூரா ஆரம்பக்காரங்க வாங்குறது, ஆனா கிரவுண்ட் பேலன்ஸ் ஃபேக்டரியிலயே செட் பண்ணது, செம்மண்ணுக்கு நா சொல்ல மாட்டேன். ஈப்போ கடையில எந்த மாடல் 1,450ன்னு நீங்க எழுதல, போய் கேட்டு பாருங்க. கடைக்கு வெளிய மண்ணு தரையில ஒரு 20 காசும் ஒரு பாட்டில் மூடியும் விரல் ஆழத்துக்கு பொதச்சி காட்டச் சொல்லுங்க, ரெண்டுக்கும் சத்தம் வித்தியாசம் கேக்குதான்னு பாருங்க. சோடா டின்னு வளையமும் தங்க மோதிரமும் பாதி நேரம் ஒரே நம்பர் காட்டும், எந்த வெலைக்கு வாங்குனாலும் அப்படித்தான், அதுக்காக மெஷின திட்டாதீங்க. பிரபலமான பிராண்டுல டூப்ளிகேட் நெறய சுத்துது, சீரியல் நம்பர் போட்ட ரசீது இல்லாம காசு குடுக்காதீங்க. பாயிண்டருக்கும் (குழிக்குள்ள எடத்த சரியா காட்டுற சின்ன கருவி) சின்ன மண்வெட்டிக்கும் ஒரு 200 தனியா ஒதுக்குங்க, எல்லாரும் மறக்குற செலவு அது.

வாங்குனப்புறம் நேரா பழைய தோட்டத்துக்கு போயிடாதீங்க. அது கம்பெனி நெலம், நாம அங்க பொறந்து வளந்துருந்தாலும் மேனேஜ்மென்ட் கிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும். பழம்பொருள தேடி தோண்டவே 2005 தேசிய பாரம்பரியச் சட்டத்துல அனுமதி வேணும், புதையல்னு ஏதாவது கெடைச்சா மாவட்ட அதிகாரிக்கு தெரியப்படுத்தணும். அதனால கங்காணி நகையே கெடைச்சாலும் அது நேரா உங்க அம்மா கழுத்துக்கு போகாது தம்பி. இன்னொண்ணு, 1948 ஜூன் 16ல கம்யூனிஸ்டுங்க மூணு வெள்ளைக்கார தொரைங்கள சுட்டு மலாயா அவசரகாலம் ஆரம்பிச்சதே நம்ம சுங்கை சிப்புட் தோட்டங்கள்லதான், அது 1960 வரைக்கும் ஓடுச்சு. தோட்டா, குண்டு மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா தோண்டாதீங்க, தொடாதீங்க, தள்ளி நின்னு 999க்கு அடிங்க. பழகுறதுக்கு மொதல்ல சொந்த வீட்டு பின்னாடி போதும்.

மச்சான் விஷயம் நல்லதுதான், ஆளுக்கு 700ன்னா நாலு மாசத்துல உங்க பங்கு ரெடி. ஆனா மெஷின் யாரு வீட்டுல இருக்கும், எந்த ஞாயித்துக்கெழம யாருக்கு, ஒடஞ்சா யாரு ரிப்பேர் பாக்குறது, வித்தா எப்படி பிரிக்கிறது, இதெல்லாம் வாங்குறதுக்கு முன்னாடியே வாட்சப்புல எழுதிருங்க, உங்க அக்காவும் இருக்குற குரூப்புல எழுதுங்க, அப்பதான் மச்சான் பின்னால மாத்தி பேச முடியாது.