விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது: பழைய லேப்டாப்பை என்ன செய்வது?

கேள்வி: 2017-ல் வாங்கிய லேப்டாப் வைத்திருக்கிறேன். ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. நெட் பேங்கிங், கரண்ட் பில், கோயில் விழா நோட்டீஸ் அடிப்பது, இவ்வளவுதான் உபயோகம். ஆதரவு முடிந்துவிட்டது என்று செய்தி வருகிறது. கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்கிறார். பேரன் லினக்ஸ் போடலாம் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தேனி)

பதில்: அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதற்காக லேப்டாப் ஓடாமல் போகாது. ஆபத்து வேறு மாதிரி வரும்.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி ராத்திரி, மைக்ரோசாஃப்ட் திருத்தங்களை வெளியிடும். விண்டோஸ் 11-க்கு வரும் திருத்தத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, ஓட்டை எங்கே இருந்தது என்பது புரிந்துவிடும். 10-க்கும் 11-க்கும் உள்ளே பெரும்பகுதி ஒன்றுதான். அதே ஓட்டை 10-லும் இருந்தால் அடைக்க ஆளில்லை. 2017 மே மாதம் வானாகிரை வைரஸ் பிரிட்டன் ஆஸ்பத்திரிகளை முடக்கியபோது, அதற்கான திருத்தம் வெளிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான் டிஃபென்டருக்கு 2028 அக்டோபர் வரை வைரஸ் பட்டியல் வரும். அது நல்லதுதான், ஆனால் அது ஓட்டையை அடைக்காது.

வீட்டு உபயோகத்துக்கு ஒரு வழி இருக்கிறது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசே வேண்டாம். கணக்கு எப்படியும் தேவை. முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய், பதிப்பு 22எச்2 என்று இருக்கிறதா பாருங்கள். பழையது என்றால் அப்டேட் செய்துவிட்டு, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்யும் இணைப்பைத் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: பேக்கப்புக்குச் சம்மதிக்கும்போது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்களையும் சேர்த்து ஏற்றிவிட்டால், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவின் இலவச 5 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். அந்த ஃபோல்டர்களை மட்டும் ஆஃப் செய்துவிடுங்கள்.

விண்டோஸ் 11? உங்கள் பிராசஸர் அதற்குத் தகுதியில்லை. இன்டெல் என்றால், சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலில் இருக்கிறது. சோதனையை ஏமாற்றி 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஏற்றலாம், ஓடவும் ஓடும். ஆனால் அந்த மாதிரி கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே இத்தனை பாடு?

உங்கள் பேரன் சொல்வது தப்பில்லை. நெட் பேங்கிங்கும் கரண்ட் பில்லும் பிரவுசர் வேலை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸில் மின்ட் என்று ஒரு வகை உண்டு, அதில் அவை சுகமாக நடக்கும். எனக்குக் கவலை நோட்டீஸ் பற்றித்தான். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடிக்கிறீர்கள் என்றால், சி டிரைவில் விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக்களையும் காப்பி எடுங்கள். அவை இல்லாமல் ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். லினக்ஸில் அவற்றை நிறுவினால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளில் தமிழ் வந்துவிடும். பக்க வடிவமைப்பு கொஞ்சம் நகரலாம். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் அடிப்பதாக இருந்தால் லினக்ஸை மறந்துவிடுங்கள்.

அப்புறம் பிரிண்டர். நம்மூர் மேஜைகளில் அதிகம் பார்க்கும் கேனான் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓட வைப்பது தலைவலி பிடித்த வேலை. எச்பி என்றால் பெரும்பாலும் சிக்கலில்லை. ஆகவே நேரடியாக நிறுவாமல், மின்டை பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கி, பழைய நோட்டீஸ் ஒன்றை அச்சிட்டுப் பாருங்கள். விண்டோஸில் ஒன்றும் மாறாது. "நிறுவு" என்ற ஐகானை மட்டும் தொடக்கூடாது என்று பேரனிடம் சொல்லி வையுங்கள்!

எதைச் செய்தாலும் அதற்கு முன்னால், போட்டோ, ஃபைல், எழுத்துரு எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிடுங்கள். காப்பி ஆனால் போதாது, திறக்க வேண்டும்.

"உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று திரையில் வந்தால் கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. கூப்பிட்டுப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

என் யோசனை: நீட்டிப்பில் சேருங்கள், பென்டிரைவில் மின்டைப் பழகுங்கள். நோட்டீஸும் பிரிண்டரும் அதில் சரியாக வந்தால், நீட்டிப்பு முடிவதற்குள் மாறிவிடலாம். வராவிட்டால் அப்போது புது லேப்டாப் பற்றிக் கடைக்காரரிடம் பேசுங்கள். வாங்கும்போது அது விண்டோஸ் 11-உடன் வருகிறதா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.