அந்தச் சாக்லேட் பால் பாட்டில் யாருடையது?

கேள்வி: நாங்கள் கனடாவில் பிராம்டனில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை இரவு பையன் (7 வயது) தூங்கியதும் நானும் கணவரும் மட்ஸ்லைட் என்ற சாக்லேட் காக்டெய்ல் செய்து குடிப்போம். ஒரு ஆளுக்கு வோட்கா 45 மில்லி, காபி லிக்கர் 30, பெய்லீஸ் (ஐரிஷ் க்ரீம் லிக்கர்) 30, அரை கப் 2 சதவீதப் பால், உருக்கிய டார்க் சாக்லேட் இரண்டு ஸ்பூன், ஐஸ் போட்டுக் குலுக்குகிறேன். தண்ணியாகவே வருகிறது, வாயில் மண் மாதிரி நறநறக்கிறது. ஒரு தடவை மணத்துக்காக ஆரஞ்சு ஜூஸ் சேர்த்தேன், திரிந்தே போய்விட்டது. பாரில் கிடைப்பது போல கெட்டியாக, வழுவழுப்பாக வர என்ன வழி? மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்ளலாமா? இப்போதைக்கு மிச்சமாவதைப் பையனின் சாக்லேட் பால் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாமியாருக்கு நாங்கள் குடிப்பது தெரியாது. பையனுடையது என்பதால் அந்தப் பாட்டிலை அவர் தொட மாட்டார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நறநறப்புக்கு வருகிறேன், அதற்குச் சுலபமான காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் உங்கள் கடைசி வரி. "பையனுடையது என்பதால் அவர் தொட மாட்டார்." எழுதிய பிறகு இதை ஒருமுறையாவது படித்துப் பார்த்தீர்களா? மாமியார் தொட மாட்டார், சரி. பையன்? அது அவனுடைய பாட்டில் என்று அவனுக்கும் தெரியும்தானே? ஏழு வயதுப் பிள்ளை ஃப்ரிட்ஜைத் திறந்து தன் பாட்டிலை எடுக்க யாரிடம் அனுமதி கேட்பான்?

சனிக்கிழமை காலை உங்கள் வீட்டில் யார் முதலில் எழுந்திருக்கிறார்கள்? நீங்கள் இருவரும் இரவு குடித்துவிட்டுத் தாமதமாகத்தான் எழுவீர்கள். பையனும் பாட்டியும்தான் முதலில் அடுப்படிக்கு வருவார்கள். பேரன் பால் கேட்பான். அந்தம்மா தனக்கென்று அந்தப் பாட்டிலைத் தொட மாட்டார், பேரனுக்கென்றால் உடனே எடுத்து டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுப்பார். அவரை ஊரிலிருந்து வரவழைத்ததே அதற்குத்தான். இதுவரை அப்படி நடக்கவில்லை என்றால் அதில் உங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

நீங்கள் எழுதிய அளவையே கணக்குப் போடுங்கள். வோட்கா 40 சதவீதம், காபி லிக்கர் பெரும்பாலும் 20, பெய்லீஸ் 17. ஒரு கிளாஸில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 29 மில்லி. கனடாவில் 341 மில்லி பீர் பாட்டில் ஒன்றில், 5 சதவீத பீராக இருந்தால், 17 மில்லி இருக்கும். அதாவது உங்கள் ஒரு கிளாஸில் இருப்பது ஒன்றே முக்கால் பீர். இருபது சொச்சம் கிலோ எடையுள்ள பிள்ளை, இரவு முழுக்கச் சாப்பிடாத வயிற்றில், அதில் பாதியைக் குடித்தால்கூட ஆபத்துதான். பெரியவர்களைப் போல வெறும் தள்ளாட்டத்தோடு நிற்கிற விஷயம் இல்லை இது. குழந்தைகளின் கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரை குறைவு, ஆல்கஹாலை உடைக்கிற வேலையில் கல்லீரல் இருக்கும்போது புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதும் தடைபடும், அதனால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கி வலிப்பு, மயக்கம் வரை போகலாம். பாட்டி என்ன நினைப்பார்? பையன் சோர்வாக இருக்கிறான், இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று போர்த்திவிடுவார். என்ன குடித்தான் என்றே தெரியாதவருக்கு அவசர உதவி எண் 911ஐ அழைக்க எப்படித் தோன்றும்?

கசக்கும், துப்பிவிடுவான் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்தப் பானத்தின் கெட்டிக்காரத்தனமே அதில்தான் இருக்கிறது. கொழுப்பும் இனிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து ஆல்கஹாலின் காரத்தை நாக்குக்குத் தெரியாமல் அமுக்கிவிடும். நீங்கள் இதை விரும்புவதும் அதனால்தான், அவன் இன்னொரு டம்ளர் கேட்கப் போவதும் அதனால்தான்.

எப்போதாவது அவன் குடித்துவிட்டான் என்று சந்தேகம் வந்தால், அவன் தெளிவாக இருந்தாலும் ஒன்டாரியோ விஷ மையத்துக்கு உடனே போன் போடுங்கள். டொராண்டோ சிக்கிட்ஸ் மருத்துவமனையில் இரவு பகலாக இயங்குகிறது, பேசுவதற்குக் காசு கிடையாது. எழுப்ப முடியவில்லை, உளறுகிறான், மூச்சு மெதுவாகிறது என்றால் யோசிக்காமல் 911. "அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே" என்ற எண்ணம் அந்த நேரத்தில் ஒரு நிமிடம் உங்களைத் தயங்க வைக்கும், அந்த ஒரு நிமிடம்தான் எனக்குப் பயம்.

மாமியாருக்குத் தெரியாமல் குடிப்பது எப்படி என்று எனக்கு நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். வாட்டர் பாட்டிலில், ஃபிளாஸ்க்கில், கோக் கேனில், துணி அலமாரியில் என்று ஆளுக்கொரு வழி. எல்லோருமே தாங்கள் மாமியாரின் மனதைக் காப்பாற்றுவதாகத்தான் எழுதுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உங்கள் பிள்ளையைக் காலையிலிருந்து மாலை வரை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அதே ஆளின் ஃப்ரிட்ஜில் எது பால், எது சாராயம் என்பதை அவரிடம் மறைப்பது அவரை மதிப்பது இல்லை. பெரியவர்களை மதிப்பது என்றால் அவர்கள் கையில் இருக்கும் பொறுப்புக்குத் தேவையான உண்மையைக் கொடுப்பது. அவர் முகம் சுளிக்கலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம், ஊரில் உள்ள மகளிடம் போனில் அழலாம். அதைத் தாங்கிக்கொள்வது உங்கள் கடமை. நீங்கள் குடிக்க அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, நீங்கள் வயது வந்தவர்கள், உங்கள் வீடு, உங்கள் காசு. ஆனால் அந்தப் பாட்டிலில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்று. கடிதம் முழுக்க "குலுக்குகிறேன்", "வைக்கிறேன்", எல்லாம் நீங்கள்தான். உங்கள் கணவர் எங்கே? அவருடைய அம்மா அது. குடிப்பதில் பாதி அவர், ஒளிப்பது மட்டும் உங்கள் தலையிலா? நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் "மருமகள் என் பிள்ளையைக் கெடுத்துவிட்டாள்" என்றுதான் பேச்சு வரும், அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். அம்மாவிடம் மகன்தான் பேச வேண்டும். நீங்கள் பக்கத்தில் கூட இருக்க வேண்டாம். "அம்மா, வெள்ளிக்கிழமை ராத்திரி நாங்க கொஞ்சம் குடிப்போம், பாட்டில் மேல் அலமாரியில பூட்டி இருக்கு, ஃப்ரிட்ஜில எதுவும் இருக்காது, உங்ககிட்ட மறைச்சது என் தப்பு." இவ்வளவுதான், இதைச் சொல்ல அவருக்கு வார்த்தை தேட வேண்டியதே இல்லை. சொன்ன பிறகு நீங்கள் செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஷேக்கரைத் தொடாதீர்கள் என்று நான் சொன்னால் கேட்பீர்களா தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன்.

சரி, உங்கள் சாக்லேட்.

நறநறப்புக்குக் காரணம் உருக்கிய சாக்லேட். அதில் இருக்கும் கோகோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே, 34 டிகிரி வாக்கில் உருகும். அதைக் கொண்டுபோய் ஐஸில் ஊற்றினால் அந்த நொடியே உறைந்து துகள் துகளாகிவிடும், எவ்வளவு குலுக்கினாலும் கரையாது. உங்களுக்கு மண்ணாகத் தெரிவது அதுதான். இந்தப் பானத்துக்குத் தேவை கோகோ பவுடரில் செய்த சிரப். இனிப்பில்லாத கோகோ பவுடர் 50 கிராம், சர்க்கரை 100 கிராம், தண்ணீர் 120 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. பவுடரையும் சர்க்கரையையும் முதலில் உலர்ந்தபடியே கலந்துவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கொதி வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் கிளறி இறக்குங்கள். நன்றாக ஆற வேண்டும். டச்சு முறையில் காரம் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கோகோ கிடைத்தால் அதை வாங்குங்கள், நிறம் கறுப்பாக இருக்கும், புளிப்பு குறைவு, சுலபமாகக் கலக்கும். இந்தச் சிரப்பை மட்டும் நீங்கள் தாராளமாக மொத்தமாகச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம், பையனுடைய பாலிலும் இதையே ஊற்றலாம், இதில் மறைக்க எதுவும் இல்லை.

தண்ணியாக இருப்பதற்குக் காரணம் 2 சதவீதப் பால். கொழுப்பு இல்லாமல் வழுவழுப்பு எங்கிருந்து வரும்? 35 சதவீத விப்பிங் க்ரீம் வாங்குங்கள். அரை கப் வேண்டாம், ஒரு கிளாஸுக்கு 45 மில்லி போதும். வோட்காவை 45லிருந்து 30க்குக் குறையுங்கள். வோட்கா 30, காபி லிக்கர் 30, பெய்லீஸ் 30, க்ரீம் 45, சிரப் ஒரு டேபிள்ஸ்பூன். கரீபியனில் கிராண்ட் கேமன் தீவின் ரம் பாயிண்ட்டில் உள்ள ரெக் பாரில் 1970களில் இது பிறந்ததாகச் சொல்வார்கள். பெய்லீஸே 1974ல்தான் அயர்லாந்தில் விற்பனைக்கு வந்தது என்பதால் அந்தக் காலக்கணக்கு பொருந்துகிறது. அப்போதிலிருந்து வோட்கா, காபி லிக்கர், பெய்லீஸ் மூன்றும் சம அளவு என்பதுதான் வழக்கம். நீங்கள் வோட்காவைக் கூட்டியதால் சாக்லேட் பின்னுக்குப் போய்விட்டது, அதைச் சரிக்கட்ட இன்னும் சாக்லேட், அதனால் இன்னும் மண்.

ஐஸ் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஃப்ரீசரிலிருந்து அப்போதே எடுத்த, மேலே ஈரம் பளபளக்காத, பெரிய கட்டிகளாக இருக்கட்டும். ஷேக்கர் வெளியே பனி படரும் வரை, பன்னிரண்டு பதினைந்து நொடி, வேகமாகக் குலுக்கிவிட்டு உடனே வடிகட்டுங்கள். கிளாஸை முன்கூட்டியே ஃப்ரீசரில் வையுங்கள். கிளாஸ் உட்புறத்தில் சிரப்பால் கோடு போட ஆசையிருந்தால் ஆறின சிரப்பால் போட்டு அப்படியே பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்தால் வழியாமல் நிற்கும். பாரில் ஸ்பூனால் சாப்பிடுகிற அளவுக்குக் கெட்டியாக வருவது வேறு ஒன்று, அதில் க்ரீமுக்குப் பதில் இரண்டு கரண்டி வெனிலா ஐஸ்க்ரீம் போட்டு மிக்ஸியில் அடித்திருப்பார்கள். நீங்களும் செய்யலாம், ஐஸ் கட்டியை மட்டும் குறைத்துப் போடுங்கள்.

ஆரஞ்சு ஜூஸ் ஊற்றினால் திரியாமல் என்ன செய்யும்? எலுமிச்சை பிழிந்து பன்னீர் எடுக்கிற அதே வேலைதான் அங்கே நடந்தது, பாலின் புரதம் புளிப்பில் கட்டியாகிவிட்டது. ஆரஞ்சு மணம் வேண்டுமென்றால் தோலின் மேல்பகுதியை மட்டும் சீவி, சிரப் சூடாக இருக்கும்போது போட்டு, ஆறியதும் எடுத்துவிடுங்கள். தோலின் மணம் அதன் எண்ணெயில் இருக்கிறது, புளிப்பு அதில் இல்லை.

காபி ருசி இல்லாமல் சாக்லேட் மட்டும் வேண்டுமென்றால் பிராந்தி அலெக்சாண்டர் செய்து பாருங்கள். எனக்கு மட்ஸ்லைடைவிட அதுதான் நேர்த்தியாகப் படுகிறது. பிராந்தி 30, பழுப்பு நிற க்ரீம் டி ககாவோ 30, க்ரீம் 30. க்ரீம் டி ககாவோவில் பால் எதுவும் கிடையாது, அது கோகோ மணமுள்ள இனிப்பு லிக்கர், அதனால் க்ரீமைத் தனியாகச் சேர்த்தே ஆக வேண்டும். மேலே ஜாதிக்காயை லேசாகத் துருவுங்கள். தூள் டப்பா வேண்டாம், முழு ஜாதிக்காய் வாங்கி அப்போதைக்கு அப்போது துருவினால்தான் அந்த வாசம் வரும்.

மொத்தமாகச் செய்து வைக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. பிள்ளை இல்லாத வீடாக இருந்தாலும் கூடாது என்றுதான் சொல்வேன். பெய்லீஸ் பாட்டிலில் மாதக்கணக்கில் பிரியாமல் இருக்கிறதென்றால், தொழிற்சாலையில் க்ரீமை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து ஆல்கஹாலோடு பிணைத்திருக்கிறார்கள். நம் வீட்டு ஷேக்கரில் அது நடக்காது. குலுக்கிய காற்றில் வந்த நுரை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், ஐஸ் உருகிய தண்ணீர் கீழேயும் க்ரீம் மேலேயும் போகும், காலையில் நீங்கள் பார்ப்பது வேறொரு பானம். அதனால் இரண்டு பேருக்கு இரண்டு கிளாஸ், அளந்து ஊற்றி, ஒரே தடவையில் குலுக்கி, அந்த இடத்திலேயே குடித்து முடியுங்கள். ஷேக்கரில் தங்குவதைச் சிங்க்கில் கொட்டிவிட்டு, கிளாஸையும் ஷேக்கரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுங்கள், எவ்வளவு தூக்கம் வந்தாலும். இன்னொரு கிளாஸ் வேண்டுமென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை.