வாசகர் கேள்வி பதில்: கதை தெரியும், கட்டுரைதான் வரவில்லை

கே: ஜார்ஜ் ஆர்வெலின் '1984' எங்களுக்குப் பாடநூல். கதை தலைகீழாகத் தெரியும். ஆனாலும் எழுதிக் கொடுக்கும் கட்டுரையெல்லாம் 'வெறும் கதைச் சுருக்கம்' என்ற குறிப்போடு திரும்பி வருகிறது. எங்கே பிசகு?

ப: 'இந்த அரசு மக்களை ஒடுக்குகிறது' என்று தொடங்கினால் அதற்கு மேல் சொல்ல எதுவும் இருக்காது, கதைதான் பக்கத்தை நிரப்பும். டிஸ்டோபிய நாவலில், அதாவது கொடுங்கோல் ஆட்சி நடக்கும் உலகைக் கற்பனை செய்யும் கதையில், ஒடுக்குமுறை இருக்கும் என்பது திருத்துபவருக்கும் தெரியும். அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டுங்கள். அதற்குச் சின்னதாக ஒன்றைப் பிடித்தால் போதும்.

சாக்லேட்டை எடுத்துக்கொள்வோம். முதல் பாகத்தின் 4ஆம் அத்தியாயத்தில், சாக்லேட் ரேஷன் 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறையப்போகிறது. 'இந்த ஆண்டு குறைக்க மாட்டோம்' என்ற பழைய வாக்குறுதியை அழித்து, 'குறைக்க நேரலாம்' என்று மாற்றி எழுதுவது, அரசின் பழைய பதிவுகளைத் திருத்தும் ஊழியனான நாயகன் வின்ஸ்டனின் வேலை. அடுத்த அத்தியாயத்தில், ரேஷனை 20 கிராமாக 'உயர்த்தியதற்கு' மக்கள் நன்றி சொல்லி ஊர்வலம் போனதாக டெலிஸ்கிரீன் (செய்தி சொல்லிக்கொண்டே ஆட்களைக் கண்காணிக்கும் அரசுத் திரை) அறிவிக்கிறது. குறைப்பு அறிவிப்பு வந்ததோ முந்தின நாள்தான். சக ஊழியர்களில் பார்சன்ஸ் யோசிக்காமல் விழுங்குகிறான். புத்திசாலியான சைமும் விழுங்குகிறான். நினைவு இருப்பது தனக்கு மட்டும்தானா என்று வின்ஸ்டன் திகைக்கிறான். அந்த நினைவை அழிக்கும் வேலையைச் செய்வதும் அவன் கைதான்! இந்த முரணை விரித்து எழுதினாலே ஒரு நல்ல பத்தி கிடைத்துவிடும்.

பத்திக்கு ஆறேழு வாக்கியம் போதும்: முதலில் உங்கள் வாதம், பிறகு இடம், அங்குள்ள ஒரு சொல் அல்லது எண், மீதியெல்லாம் விளக்கம். 'பிறகு', 'அதன்பின்' என்று மூன்று வாக்கியங்கள் வரிசையாகத் தொடங்கினால் கதைக்குள் நழுவிவிட்டீர்கள், அடித்துவிட்டு எழுதுங்கள். தேர்வுக்கு நீண்ட மேற்கோள்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். நான்கைந்து சொற்களில், எந்த அத்தியாயம் என்ற நினைவோடு பத்துப் பன்னிரண்டு இருந்தால் பெரும்பாலான கேள்விகளைச் சமாளிக்கலாம்.

கே: கடைசியில் இருக்கும் நியூஸ்பீக் (நாவலில் அந்த அரசு உருவாக்கும் மொழி) பின்னிணைப்பைப் படித்துத்தான் ஆக வேண்டுமா?

ப: கட்டாயம். அமெரிக்கப் புத்தகக் கழகம் ஒன்று அதை நீக்கச் சொன்னபோது ஆர்வெல் மறுத்துவிட்டார். அது நியூஸ்பீக்கை இறந்தகாலத்தில் பேசுகிறது. அதனால் அந்த ஆட்சி பின்னாளில் விழுந்திருக்க வேண்டும் என்பது ஒரு வாசிப்பு. நாவலே இறந்தகாலத்தில்தானே இருக்கிறது என்பது மறுப்பு. முடிந்த உண்மையாக ஒன்றை மட்டும் எழுதாமல் இரண்டையும் எடைபோடுங்கள்.

கே: வகுப்பு விவாதத்தில் 'இன்றைய செல்போன்தான் டெலிஸ்கிரீன்' என்று யாராவது சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறது.

ப: 'அதை அணைக்க யாரால் முடியும்?' என்று கேளுங்கள். வின்ஸ்டனால் ஒலியைக் குறைக்க முடியும், அணைக்க முடியாது. ஆளும் கட்சியின் மேல்மட்டமான உள்கட்சியைச் சேர்ந்த ஓபிரையன் அணைக்கிறான். மக்கள்தொகையில் 85 சதவீதமான, கட்சியில் இல்லாத உழைக்கும் மக்களான புரோல்களில் பெரும்பாலோர் வீட்டில் டெலிஸ்கிரீனே இல்லை. அந்த ஆட்சி யாரைக் கண்டு பயப்படுகிறது, யாரைப் பொருட்படுத்தவே இல்லை என்ற கேள்விக்கு வகுப்பு தானாக வந்து சேரும்.