எச் போட்ட ரிப்போர்ட்: ட்யூமர் மார்க்கர் கேள்வி பதில்

ட்யூமர் மார்க்கர் என்பது புற்று இருக்கும்போது ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு பொருள். அதன் அளவைப் பற்றி நீலகிரியில் புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் கோவையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தின் உயிர்வேதியியல் பிரிவைக் கவனித்து ஓய்வுபெற்றவர். இப்போது குன்னூரில் இருக்கிறார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை, லேப்காரி. கீமோ மறுபடி வேண்டுமா, மாத்திரையை நிறுத்தலாமா என்பதையெல்லாம் உங்கள் ஆன்காலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். மார்க்கர் எண் எப்படி வருகிறது, எப்போது அதை நம்பலாம் என்பதை என்னிடம் கேளுங்கள்.

கோத்தகிரி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்று. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து ஒரு வருஷம். சிஇஏ என்ற மார்க்கர் போன தடவை 2.8. இப்போது 5.6, பக்கத்தில் எச் (அதிகம் என்ற குறி) போட்டிருக்கிறது. இரண்டு மடங்கு ஆகிவிட்டதே மேடம்! வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலில் சாப்பிடுங்கள். அப்புறம் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் படியுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பழையதில் 'சிஎல்ஐஏ' என்றும் புதியதில் 'ஈசிஎல்ஐஏ' என்றும் இருக்கிறது. இவை அளக்கும் முறையின் பெயர்கள். லேப் மாறியிருக்கிறது, மெஷினும் மாறியிருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் சிஇஏவைப் பிடிக்கத் தன் சொந்த ஆன்டிபாடியை (ஒட்டிப் பிடிக்கும் புரதம்) வைத்திருக்கிறது. ஒரே ரத்தத்தை இரண்டிலும் ஓட்டினால் இரண்டு எண் வரும். அதனால் 'இரண்டு மடங்கு' என்று இப்போதே சொல்ல முடியாது. டாக்டரிடம் சொல்லிவிட்டு, பழைய லேபிலேயே மூன்று நான்கு வாரத்தில் திரும்ப எடுங்கள்.

அப்பா பீடி, சிகரெட் பிடிப்பவரா? புகைக்காதவருக்கு 3, புகைப்பவருக்கு 5 வரை சாதாரணம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். கல்லீரல் கோளாறு, பித்தப்பைத் தொந்தரவு, குடல் அழற்சி, தைராய்டு சுரப்பு குறைவது, இவை எல்லாமே சிஇஏவைக் கொஞ்சம் ஏற்றும். கீமோவில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து இருந்தால் கல்லீரல் பாதிப்பில் சில மாதம் ஏறி இறங்குவதும் உண்டு.

அதே லேபில் மறுபடியும் ஏறினால்? டாக்டர் சிடி ஸ்கேன் எழுதுவார். அதற்காகத்தான் இந்தப் பரிசோதனையே இருக்கிறது. குடல் புற்று கல்லீரலில் ஒன்றிரண்டு கட்டியாகத் திரும்பும்போது சீக்கிரம் பிடித்தால், சிலருக்கு வெட்டி எடுத்தே குணமாக்க முடிகிறது. முதல் 2 வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் 5 வருஷம் முடியும்வரை 6 மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கச் சொல்வது இதனால்தான்.

அரவங்காடு: புராஸ்டேட்டுக்கு ரேடியேஷன் முடிந்து ஒன்றரை வருஷம். அதற்கான மார்க்கர் பிஎஸ்ஏ 0.6 வரை இறங்கி இப்போது 1.1. கூட வேலை பார்த்த நண்பருக்கு 0.2 தாண்டியதுமே திரும்பிவிட்டது என்றார்களாம்.

நண்பருக்கு ஆபரேஷன், உங்களுக்கு ரேடியேஷன். சுரப்பியையே எடுத்துவிட்டவருக்கு எண் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். அதனால் 0.2 வந்து, இரண்டாவது தடவையும் அப்படியே வந்தால் கவனிப்பார்கள். உங்களுக்குச் சுரப்பி உள்ளேயே இருக்கிறது. இறங்கிய மிகக் குறைந்த அளவோடு 2 சேர்த்துப் பாருங்கள். உங்கள் கணக்கு 2.6, அதைத் தொட்டால்தான் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரேடியேஷனுக்குப் பிறகு முதல் சில வருஷங்களில் பிஎஸ்ஏ ஒரு தடவை துள்ளி ஏறித் தானே இறங்குவது நிறையப் பேருக்கு நடக்கும். சிறுநீர் எரிச்சல் இருந்தால் சொல்லுங்கள், தொற்றும் ஏற்றும். வாக்கிங்கில் எண்களை ஒப்பிட்டுப் பேசுவதை இருவரும் விட்டுவிடுங்கள்.

மூன்று பேர், ஏறக்குறைய ஒரே கேள்வி: என் சிஇஏ 6.2 / 4.9 / 7, பயப்படலாமா?

முந்தைய எண் எங்கே? எந்த லேப்? கீழே பொடி எழுத்து வரி என்ன? ஒற்றை எண்ணை மட்டும் அனுப்பினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

எல்லநள்ளி: எனக்குச் சினைப்பைப் புற்று. அதற்கான மார்க்கர் சிஏ 125 ஒரே லேபில் 12, 19, 31 என்று வருகிறது. சாதாரண வரம்பான 35க்குள்தான் இருக்கிறது என்கிறார்கள். டாக்டர் காத்திருக்கலாம் என்கிறார். எதற்குக் காத்திருக்க வேண்டும்? வளரட்டும் என்றா?

அக்கா, உங்களிடம் 'ஒன்றுமில்லை' என்று சொல்ல மாட்டேன். ஒரே லேப், மூன்று எண், படிப்படியாக மேலே. 35க்குள் இருந்தாலும் இது கவனிக்க வேண்டிய ஏற்றம்தான். ஆனால் டாக்டர் காத்திருக்கச் சொல்வது அலட்சியம் இல்லை. அதற்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது.

பிரிட்டனும் ஐரோப்பாவும் சேர்ந்து நடத்தியது, ஓவி05 என்று பெயர். முடிவு 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சிகிச்சை முடிந்து நன்றாக இருந்த பெண்களில், சிஏ 125 வரம்பைப் போல இரண்டு மடங்கு தாண்டிய 529 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எண் ஏறியதுமே கீமோ. மறு பாதிக்கு எண்ணைச் சொல்லவே இல்லை, உடம்பில் தொந்தரவு தெரிந்த பிறகுதான் கீமோ. முதல் பாதி ஏறத்தாழ 5 மாதம் முன்னால் கீமோ தொடங்கியது. ஆயுளில் வித்தியாசம் இல்லை. முன்னால் தொடங்கியவர்களுக்கு அன்றாட வாழ்க்கைதான் முன்னாலேயே கெட்டது.

அது அன்றைய மருந்துகளை வைத்து வந்த முடிவு. இன்று புது மாத்திரைகள் இருக்கின்றன, திரும்பிய கட்டியை மறுபடி ஆபரேஷன் செய்வதும் சிலருக்குப் பயன்படுகிறது. அதனால் டாக்டரிடம் 'ஏன் காத்திருக்க வேண்டும்' என்று சண்டை போடாமல் இப்படிக் கேளுங்கள்: எனக்குத் திரும்பினால் ஆபரேஷனுக்கு வாய்ப்பு உண்டா? அப்படியானால் ஸ்கேன் எப்போது? வயிறு உப்பல், கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர், இவை இரண்டு மூன்று வாரம் நீடித்தால் தேதி பார்க்காமல் போங்கள். எண்ணே பார்க்காமல் இருக்கிறேன் என்று டாக்டரோடு பேசி முடிவெடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

குந்தா: ஒரே ரத்தத்துக்கு இரண்டு லேப் இரண்டு எண் என்றால் ஒருத்தன் பொய்தானே சொல்கிறான்? பச்சைத் தேயிலை எடை போடுகிற இடத்தில் எங்களுக்கு நடக்கிறதுதான் இதுவும்.

இல்லை ஐயா. கிலோவுக்கு ஊர் உலகம் ஒப்புக்கொண்ட படிக்கல் இருக்கிறது. தராசு தப்பாக இருந்தால் அதை வைத்துப் பிடித்துவிடலாம். சிஏ 125க்கு அப்படி ஒரு உலகப் பொதுப் படிக்கல் கிடையாது. அவரவர் கிட் அவரவர் கல். இரண்டு லேபும் நேர்மையாகவே இருந்தும் எண் வேறுபடும்.

கூடலூர்: எங்கள் ரத்தம் நடுவட்டம் ஏறி, பர்லியார் இறங்கி, பெட்டியில் குலுங்கிக் குலுங்கிக் கோவைக்குப் போகிறது. அதில் எண் ஏறாதா?

இது நல்ல கேள்வி. ரத்தத்தை அப்படியே குலுக்கிக்கொண்டு போனால் சிவப்பணு உடைந்து மாதிரியே வீணாகலாம். கலெக்ஷன் சென்டரிலேயே சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் வேகமாகச் சுற்றி சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்) பிரித்து, குளிரில் அனுப்பினால் சிஇஏ, சிஏ 125 எல்லாம் சில நாள் தாங்கும். 'இங்கேயே சென்ட்ரிஃப்யூஜ் போடுவீர்களா' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

குந்தா (மறுபடி): ஈர இலை என்று கிலோவுக்கு இவ்வளவு என்று கழிக்கிறார்களே, அதற்கு எந்தப் படிக்கல்?

கட்டபெட்டு: மழையே இல்லாத மாதத்திலும் கழிக்கிறார்கள்!

கோத்தகிரி: எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

நானும் இலை விற்ற வீட்டில் பிறந்தவள்தான், கோபம் புரிகிறது. இதே ரகத்தில் இன்னும் ஏழெட்டு வந்திருக்கின்றன, இங்கே போடவில்லை. இலைக் கணக்கை டீ போர்டிடம் கேளுங்கள். இங்கே ரத்தக் கணக்கு மட்டும்.

மஞ்சூர்: தைராய்டு புற்றுக்கு ஆபரேஷன் முடிந்தது. அதற்கான மார்க்கர் தைரோகுளோபுலின் நன்றாகக் குறைந்திருக்கிறது, சந்தோஷம். முடி கொட்டியதற்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறேன், அது பரவாயில்லையா?

சந்தோஷத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பல மெஷின்கள் பயோட்டினை ஒட்டிப் பிடித்துத்தான் அளக்கின்றன. மாத்திரையிலிருந்து நிறைய பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் தைரோகுளோபுலின் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இலேயே எச்சரித்தது. டாக்டரைக் கேட்டு, மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுங்கள். கூடவே ஆன்டி தைரோகுளோபுலின் ஆன்டிபாடி எடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால் இந்த எண்ணையே நம்ப முடியாது. கீமோவுக்குப் பிறகு முடிக்கு மாத்திரை சாப்பிடுகிற எல்லோருக்கும் சொல்கிறேன்: ரத்தம் எடுப்பவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

பந்தலூர்: மார்பகப் புற்று சிகிச்சை முடிந்தது. டாக்டர் அதற்கான மார்க்கர் சிஏ 15-3 எழுதுவதே இல்லை. கேம்ப்பில் 'கேன்சர் பேக்கேஜ்' சலுகை விலையில் போடுகிறார்கள், எடுத்துவிடட்டுமா?

வேண்டாம். டாக்டர் செய்வதுதான் சரி. தொந்தரவு இல்லாதவருக்கு வழக்கமாக இதை எடுக்கச் சொல்லி வழிகாட்டுதல் இல்லை. வருஷம் ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), நேரில் கைப் பரிசோதனை, இவை போதும். அந்தப் பணத்தில் மலை இறங்கி மேமோகிராமுக்குப் போங்கள்.

குன்னூர்: முள் சீத்தாச் சாறு குடித்தால் மார்க்கர் இறங்கும் என்கிறார்களே?

இறங்காது. பர்லியார் பக்கம் போனால் மங்குஸ்தான் வாங்குங்கள், ருசிக்காக.

லவ்டேல்: கணையப் புற்று. அதற்கான மார்க்கர் சிஏ 19-9 எப்போதுமே 2க்குக் கீழ். நல்லதுதானே?

லூயிஸ் என்ற ரத்த வகை இல்லாத கொஞ்சம் பேருக்கு உடம்பே இதைத் தயாரிக்காது. சிகிச்சைக்கு முன்பும் இப்படியே இருந்ததா என்று பாருங்கள். இருந்திருந்தால் உங்களுக்கு இது உதவாது, ஸ்கேன்தான்.

ஊட்டி: ரத்தம் கொடுத்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. ரிப்போர்ட் ராத்திரி 11 மணிக்கு வாட்ஸப்பில் வருகிறது. திறந்தாலும் பயம், திறக்காவிட்டாலும் பயம்.

லேபில் உங்கள் நம்பரை எடுத்துவிட்டு மகன் நம்பரையோ தங்கை நம்பரையோ கொடுங்கள். காலையில் சொல்லச் சொல்லுங்கள். டாக்டரைப் பார்க்கும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் மட்டும் ரத்தம் கொடுங்கள். இரண்டு வாரம் முன்னால் கொடுத்தால் அந்த இரண்டு வாரமும் எண்ணோடு தனியாகக் கிடப்பீர்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் அதையும் ஒரு தொந்தரவாக டாக்டரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நடு ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ், காசு இல்லை, தமிழில் பேசலாம்.

கேத்தி: மனைவிக்கு எண் ஏறியிருக்கிறது. அவளிடம் சொல்லாமல் நானே டாக்டரைப் பார்க்கலாமா?

ரத்தம் அவங்களுடையது தம்பி. அடுத்த தடவை ஊசி குத்த கை நீட்டும்போதே அவங்களுக்குத் தெரிந்துவிடும். சொல்லிவிட்டு இரண்டு பேருமாகப் போங்கள்.

நான்கைந்து பேர்: வெறும் வயிற்றில் போகணுமா?

வேண்டாம். சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து எடுத்தால் மட்டும்.