எலும்பு மஜ்ஜை மாற்று: லுக்கீமியா குடும்பங்கள் கேட்ட கேள்விகள்

கேள்வி (கோவை): தம்பிக்கு ஏ.எம்.எல். (வேகமாக வளரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்). முதல் கீமோவிலேயே ரெமிஷன்னு சொல்லிட்டாங்க. நோயே இல்லைன்னா மாற்று எதுக்குங்க?

பதில்: ரெமிஷன் என்றால் மஜ்ஜையில் பிளாஸ்ட் எனும் முதிராத செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மைக்ராஸ்கோப்புக்கு அகப்படாத மிச்சத்தை எம்.ஆர்.டி. பரிசோதனைதான் காட்டும். அதற்காக ஏ.எம்.எல். என்றாலே மாற்று என்று நினைக்க வேண்டாம். 8;21 இடமாற்றம், இன்வர்ஷன் 16, எஃப்.எல்.டி.3-ஐ.டி.டி. சேராத என்.பி.எம்.1 ஆகிய மரபணு மாற்றங்கள் உள்ளவர்களுக்கு எம்.ஆர்.டி. நெகட்டிவ் ஆகிவிட்டால் பெரும்பாலும் கீமோவோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏ.எம்.எல்.லிலேயே ஏ.பி.எல். என்ற தனி வகைக்கு முதல் ரெமிஷனில் மாற்றே கிடையாது. ஆட்ரா, ஆர்சனிக் என்ற மருந்துகளை வைத்தே குணமாக்குகிறார்கள். சைட்டோஜெனடிக்ஸ் (குரோமோசோம் பரிசோதனை), எம்.ஆர்.டி. ரிப்போர்ட் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி எந்த ரிஸ்க் குரூப்?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். மாற்றுக்குப் பிறகு மிச்ச நோயைத் தேடிக் கொல்வது டோனரின் டி செல்கள், அதாவது எதிர்ப்புச் சக்தி தரும் வெள்ளணுக்கள். கீமோவால் முடியாத வேலை அது.

கேள்வி (மதுரை): கூடப்பிறந்தவங்க ரெண்டு பேர். யாருமே பொருந்தலைன்னா?

பதில்: ஒருவர் முழுசாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு, இருவரில் ஒருவராவது பொருந்த 44 சதவீதம். ரத்தப் பிரிவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, செல்களின் மேலுள்ள எச்.எல்.ஏ. அடையாளங்கள்தான் கணக்கு. உங்கள் வீட்டில் மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் நடந்திருந்தால் சொல்லாமல் விடாதீர்கள். அப்படிப்பட்ட குடும்பங்களில் அப்பாவோ அம்மாவோகூட முழுப் பொருத்தமாக அமைவதுண்டு. அடுத்தது, 2009 முதல் சென்னையிலிருந்து இயங்கும் தாத்ரி போன்ற டோனர் பதிவேடுகளில் தேடல்.

அதுவும் இல்லையென்றால் பாதிப் பொருத்தம், அதாவது ஹாப்லோ. டோனரின் ஸ்டெம் செல் (ரத்தத்தை உருவாக்கும் செல்) ஏற்றிய 3-வது, 4-வது நாள்களில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடு போடுவார்கள். புது உடம்பைக் கண்டு சீறிய டி செல்கள் அந்நேரம் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும். பெருகுகிறவையே இந்த மருந்தில் அதிகம் அடிபடும். ஸ்டெம் செல்லிடம் இதைச் சிதைக்கும் என்சைம் இருப்பதால் அது தப்பிவிடும். இடையில் காய்ச்சல் கொதித்தாலும் ஸ்டீராய்டு தரத் தயங்குவது இதனால்தான்: சீறும் செல்லை முன்கூட்டியே தூங்க வைத்தால் மருந்துக்கு அகப்படாது.

கேள்வி (சேலம்): அண்ணன்தான் டோனர். முதுகெலும்பிலிருந்து எடுத்தா பிற்பாடு நடக்க முடியாதுன்னு அண்ணி அழறாங்க.

பதில்: முதுகெலும்பைத் தொடுவதே இல்லை. ஸ்டெம் செல்லை ரத்தத்துக்கு இறக்கும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி, கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், தினமும் நான்கைந்து நாள். 60 கிலோ ஆளுக்கு 300 மைக்ரோகிராம் ஊசி இரண்டு. எலும்பு குடையும், பாராசிட்டமால் போதும். மண்ணீரல் சற்று வீங்கும் என்பதால் அந்த வாரம் கபடி, பாரம் தூக்குவது வேண்டாம். பிறகு ரத்தத்திலிருந்து அந்தச் செல்களைப் பிரிக்கும் மெஷினில் நான்கைந்து மணி நேரம். உதடு மதமதத்தால் உடனே நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள்; மெஷினில் ஓடும் சிட்ரேட் கால்சியத்தை இறக்குகிறது. நோயாளியின் எடையில் கிலோவுக்கு 40 முதல் 50 லட்சம் சிடி34 செல் (ஸ்டெம் செல்) இலக்கு. 20 லட்சத்துக்குக் கீழே போனால் மாற்றுக்குப் பிறகு ரத்த அணுக்களின் கவுன்ட் ஏறுவது தள்ளிப்போகும்.

மஜ்ஜையாகவே எடுத்தாலும் மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்துதான்.

கேள்வி: அப்பா பிளேட்லெட் தரலாமா?

பதில்: மாற்றுக்கு முன்னால் ரத்த சொந்தம் யாரும் வேண்டாம். நோயாளியின் உடம்பு அவர்களின் எச்.எல்.ஏ. அடையாளங்களுக்கு எதிராகப் பழகிக்கொண்டால், அதே குடும்பத்து ஸ்டெம் செல்லையும் தள்ளிவிடும். நண்பர்களைக் கூப்பிடுங்கள். ஏற்றும் பை கதிர்வீச்சு செய்யப்பட்டதா என்று லேபிளைப் பாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): டிஸ்சார்ஜ் ஆகப்போறோம். வீட்ல எதைக் கவனிக்கணும்?

பதில்: உள்ளங்கை, உள்ளங்கால், காதுமடல் சிவப்பது, வயிற்றுப்போக்கு, கண் மஞ்சள். மூன்றும் ஜி.வி.எச்.டி.யின் (டோனரின் செல்கள் நோயாளியின் உடம்பையே தாக்குவது) முதல் குறிகள். நோயை விரட்டும் அதே டி செல்கள் தோலையும் குடலையும் கடிக்கின்றன. எத்தனை தடவை போனார் என்பதைவிட எவ்வளவு என்பதே முக்கியம், அளவு ஜாடி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவருக்கு நாளில் 500 மில்லியைத் தாண்டினால் அன்றே ஆஸ்பத்திரி.

டோனரின் செல்களை அடக்கி வைக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை ரத்தத்தில் பார்க்கும் காலையில் மாத்திரையைப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள், ரத்தம் எடுத்த பிறகு விழுங்கட்டும். போட்டுவிட்டுப் போனால் எண் பொய்யாக ஏறிக் காட்டும், டோஸைக் குறைத்துவிடுவார்கள். பம்பளிமாஸ் கூடாது, அது நிஜமாகவே ஏற்றிவிடும்.

சமையலில் எல்லாரும் கோட்டைவிடுவது இறக்கிய பிறகு தூவும் மல்லித்தழையிலும் மிளகுத்தூளிலும். கொதிக்கும்போதே போடுங்கள்.

பிள்ளை வருகிறான் என்று வீட்டுக்கு வெள்ளையடித்து, சுவரைத் துளைத்து ஏ.சி. மாட்டுகிறார்கள். அந்தத் தூசியில்தான் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வரும், நுரையீரலில் இறங்கினால் காப்பாற்றுவது கஷ்டம். வேலை முடியவில்லையென்றால் வேறு வீட்டில் தங்குங்கள்.

கேள்வி: ஓ பாசிட்டிவ் டோனர், பி பாசிட்டிவ் நோயாளி. குரூப் மாறுமா?

பதில்: மாறும். சில மாதங்களில் ஓ பாசிட்டிவ் ஆகிவிடுவார். டிரைவிங் லைசென்ஸில் பழையதே அச்சாகியிருக்கும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அதை நீட்டாமல், மாற்று செய்த இடத்து டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுங்கள்.